எம்.எஃப்.ஏ.வுக்குக் கடன் வாங்கலாமா?

வாசகர் கேள்வி, மார்ச் 3, 2026

அக்கா, அமெரிக்காவில் பிரிண்ட்மேக்கிங் (அச்சுக்கலை) எம்.எஃப்.ஏ.வுக்கு, அதாவது நுண்கலை முதுகலைப் படிப்புக்கு, எனக்கு இரண்டு இடங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பெயர்பெற்ற தனியார் கலைக் கல்லூரி. கட்டணத்தில் பாதியை உதவித்தொகையாகத் தருகிறார்கள். மீதிக் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 70,000 டாலர் கடன் வாங்க வேண்டியிருக்கும். இன்னொன்று யாரும் அதிகம் கேள்விப்படாத ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே கட்டணம் முழுதும் தள்ளுபடி, உதவியாளர் வேலையும் சம்பளமும் உண்டு. பெயர்தான் முக்கியம், கடனை வேலைக்குப் போய் அடைத்துவிடலாம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மார்ச் 3, இரவு

வாங்காதீர்கள்.

மார்ச் 4

நேற்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன், இரவெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் சொல்லாமல் வாங்காதே என்றால் யார் கேட்பார்கள்?

2010ல் எனக்கும் இதே மாதிரி ஒரு கடிதம் வந்தது. தனியார் கல்லூரி, பாதி உதவித்தொகை. அந்தப் பாதியில் மயங்கிவிட்டேன். எதில் பாதி என்று கேட்கத் தோன்றவில்லை. வாடகை, மருத்துவக் காப்பீடு, காகிதம், செப்புத் தகடு, கோடை விடுமுறை மூன்று மாதம், இவை எதுவும் அந்தப் பாதியில் அடங்காது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அமெரிக்க அரசின் கல்விக்கடன் கிடையாது. தனியார் கடன்தான். அதற்கும் அந்த நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள ஒருவர் கூடவே கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். என் சித்தப்பா போட்டார்.

2012ல் படிப்பு முடிந்தபோது, படித்த காலத்து வட்டியும் சேர்ந்து கடன் 58,000 டாலர். வட்டி 9.5 சதவீதம், மாதத் தவணை 750 டாலர். கையில் மிஞ்சியபோது அதற்கு மேலும் சேர்த்து ஒன்பது வருடம் கட்டினேன். 2021ல் கடைசித் தவணை போனபோது கூட்டிப் பார்த்தேன், 87,000 டாலர்.

ஆனால் என்னைத் தூங்கவிடாத கணக்கு வேறு. கல்லூரியில் இருந்த இரண்டு வருடத்தில் நான் போட்ட பிரிண்ட்கள் 43. கடன் கட்டிய ஒன்பது வருடத்தில் போட்டவை 11.

மார்ச் 4, சற்றுப் பிறகு

உங்கள் 70,000த்துக்கும் அதே வட்டியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு மாதம் 900 டாலருக்கு மேல் வரும். படிக்கும்போதே ஓடும் வட்டி இதில் சேரவில்லை.

மார்ச் 7

"மாதம் 750 டாலரால் பிரிண்ட் எப்படிக் குறையும்? ஞாயிற்றுக்கிழமை போடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

நான் போடுவது லித்தோ, அதாவது கல்லச்சு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரைந்து, அந்தப் பசையை வேதிமுறையில் கல்லில் நிலைநிறுத்தி, பிறகு கல்லை ஈரமாக்கி மை உருட்டுவோம். கோடு மையை வாங்கும், ஈரம் மையைத் தள்ளும். 1790களின் இறுதியில் பவேரியாவில் செனஃபெல்டர் கண்டுபிடித்த வழி, இன்றும் அதேதான். நல்ல கல் இன்றும் அங்குள்ள சோல்ன்ஹோஃபன் கல்தான். பெரிய கல்லை ஒருவர் தூக்க முடியாது. அதை அழுத்தும் எந்திரமோ ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். வீட்டில் வைத்துக்கொள்ளும் சமாச்சாரமில்லை.

பட்டமளிப்பு முடிந்த அடுத்த திங்கள்கிழமை, உலர்த்தும் தட்டில் விட்டுவந்த இரண்டு பிரிண்ட்களை எடுக்கக் கல்லூரி அச்சுக்கூடத்துக்குப் போனேன். கதவில் என் மாணவர் அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தொட்டிக்குப் பக்கத்தில் என் கல் கிடந்தது. கடைசியாக நான் வரைந்த உருவம் அதன்மேல் அப்படியே இருந்தது. புதிதாக வருகிற யாரோ ஒருவர் கார்போரண்டம் என்கிற தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் ஊற்றி, கல்லோடு கல் வைத்து எட்டுப் போட்டுத் தேய்த்து அதை அழித்துவிடுவார். அது தப்பில்லை, நானும் முந்தைய ஒருவரின் படத்தைத் தேய்த்துத்தான் தொடங்கினேன். ஆனால் அந்த எந்திரத்தின் பக்கத்தில் போக எனக்கு இனி மாதவாடகை வேண்டும். அந்த வாடகைதான் தவணைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையோ, ஒரு சட்டகக் கடையில் கண்ணாடி வெட்டப் போனது.

மார்ச் 8

இன்னொன்று விட்டுப்போனது. படிப்பு முடிந்து எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டு மாணவருக்கு வேலை பார்க்க 12 மாதம் அனுமதி. அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. ஓவியம், சிற்பம், பிரிண்ட் படித்த நமக்கு அது கிடையாது. என் கடனின் தவணை படிப்பு முடிந்து ஆறாம் மாதம் தொடங்கியது. அதாவது முதல் தவணை கட்டும்போது கையில் மீதி இருந்தது அரை வருட அனுமதி. வேலைக்குப் போய் அடைத்துவிடலாம் என்று சொல்பவர்கள், எந்த விசாவில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மார்ச் 9

"கலைக்கு விலை பேசுகிறீர்களே, ஆர்வம் இருந்தால் பணம் தானாக வரும்" என்று ஒரு நீண்ட பதில் வந்திருக்கிறது. இல்லை ஐயா, நான் விலை பேசவில்லை. விலையை ஏற்கெனவே வேறு ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், அதைப் படித்துக் காட்டுகிறேன். 2021ல் ஓர் அமெரிக்க நாளிதழ் அரசுக் கணக்குகளை வைத்து எழுதியது: கொலம்பியா பல்கலைக்கழகத்தில் திரைப்பட முதுகலை முடித்து, அரசுக் கடன் வாங்கியிருந்தவர்களின் இடைநிலைக் கடன், அதாவது பாதிப்பேருக்கு அதற்கு மேல், 1,81,000 டாலர். முடித்து இரண்டு வருடம் கழித்து அவர்களில் பாதிப்பேரின் ஆண்டு வருமானம் 30,000 டாலருக்கும் கீழே. அவர்களுக்கா ஆர்வம் இல்லை? அந்தக் கல்லூரிக்குள் நுழைவதே பெரிய போட்டி.

2015ல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளியில் முதலாண்டு எம்.எஃப்.ஏ. மாணவர்கள் ஏழு பேரும் ஒன்றாக வெளியேறினார்கள். முதலில் சொன்ன நிதி உதவியும் பாடத்திட்டமும் பிறகு மாறிவிட்டன என்பது அவர்கள் முறையீடு. ஒரு வகுப்பே எழுந்து போயிற்று. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

மார்ச் 11

இலவசமாகப் படிக்கவே முடியாதா என்று கேட்கிறீர்கள். முடியும். யேல் இலவசம். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் மிச்சனர் மையத்தில் எழுத்துப் படிப்புக்குச் சேரும் எல்லோருக்கும் கட்டணத் தள்ளுபடியும் செலவுத்தொகையும் உண்டு. பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளிவிட்டு உதவியாளர் வேலை தருகின்றன. பெயர் சிறியது என்று இவற்றை ஒதுக்காதீர்கள்.

மார்ச் 12

நேற்று எழுதியதில் பெரிய தப்பு. யேல் இலவசம் என்று மொட்டையாக எழுதிவிட்டேன், ஒருவர் சரியாகப் பிடித்தார், நன்றி. யேலில் இசைப் பள்ளிக்கு 2005ல் 10 கோடி டாலர் நன்கொடை வந்தது, அதற்குப் பிறகு அங்கே கட்டணம் இல்லை. நாடகப் பள்ளிக்கு 2021ல் டேவிட் கெஃபன் அறக்கட்டளை 15 கோடி கொடுத்தது, அங்கும் கட்டணம் போயிற்று. ஆனால் ஓவியம், சிற்பம், பிரிண்ட் சொல்லித்தரும் கலைப் பள்ளிக்குக் கட்டணம் உண்டு. ஒரே பல்கலைக்கழகம்தான், எந்தக் கதவுக்குள் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது. இசை கற்பவருக்கும் கல்லில் வரைபவருக்கும் உழைப்பில் என்ன வித்தியாசம்? யாரோ ஒரு செல்வந்தருக்கு எந்தக் கலை பிடித்திருந்தது என்பதுதான் வித்தியாசம்.

மார்ச் 15

அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பி, தனக்கு அரசுக் கடன் கிடைக்குமே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் நிலவரம் இந்த வருடம் மாறுகிறது. பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்று ஒரு கடன் 2006 முதல் இருக்கிறது. கல்லூரி எவ்வளவு செலவாகும் என்று சொல்கிறதோ அவ்வளவும் அதில் வாங்கலாம், மேல் வரம்பே இல்லை. 2025-26க்கு வட்டி 8.94 சதவீதம். நூறு டாலர் வாங்கினால் கட்டணமாக நான்கு டாலருக்கு மேல் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். கடனுக்கு வரம்பு இல்லாதபோது கல்லூரி ஏன் விலையைக் குறைக்கப் போகிறது? மாணவர் பக்கமோ, தலைக்கு மேல் வெள்ளம், சாண் போனால் என்ன முழம் போனால் என்ன என்று ஆகிவிடுகிறது. ஏற்கெனவே 60,000 இருக்கிறது, இன்னொரு 20,000தானே என்று கையெழுத்துப் போட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

2025 ஜூலையில் வந்த சட்டம் இதை மூடுகிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. சாதாரண பட்டமேற்படிப்புக்கு வருடம் 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர், அவ்வளவுதான் அரசுக் கடன்.

மார்ச் 16

நேற்று எழுதும்போது இந்த வரம்பு நல்லது என்றே நினைத்தேன். விடிந்ததும் மனம் மாறிவிட்டது. கல்லூரிகள் விலையைக் குறைத்தால் நல்லது. குறைக்காவிட்டால் இடைவெளியை அடைக்கத் தனியார் கடன் நிறுவனங்கள் வந்து நிற்கும், என்னைப் போலச் சித்தப்பாக்களைத் தேட வேண்டியிருக்கும். சித்தப்பா இல்லாதவர் படிக்கவே முடியாது. அப்பா அம்மாவிடம் பணம் இருக்கிற பிள்ளைகள் மட்டும் கலை படிப்பார்கள். இப்போதே பாதி அப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 18

ஜெர்மனி பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆம், அங்கே பெரும்பாலான அரசு கலை அகாடமிகளில் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட்டும் கார்ல்ஸ்ரூவும் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு ஒரு வருடச் செலவை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. கட்டணம் இல்லை என்பது செலவு இல்லை என்றாகாது. ஆனாலும் அது உங்கள் பணமாகவே இருக்கும், மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும், வட்டி கேட்காது. ஜெர்மன் மொழி வேண்டும், அதற்கு ஒரு வருடம் ஒதுக்குங்கள்.

மார்ச் 22

சித்தப்பா பற்றி எழுத வேண்டாம் என்று இருந்தேன். கூட்டுக் கையெழுத்து என்றால் வெறும் சிபாரிசுதானே என்று ஒருவர் கேட்டதால் எழுதுகிறேன்.

2014ல் ஒரு மாதம் வேலை மாறியதில் தவணை சில நாள் தள்ளிப்போயிற்று. எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, நான் கவனிக்கவில்லை. கடன் கொடுத்த நிறுவனம் சித்தப்பாவைக் கூப்பிட்டிருக்கிறது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டிவிட்டார். அடுத்த மாதம் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. போன் செய்து அழுதேன். "படம் போடுறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். போடுகிறேன் என்று பொய் சொன்னேன்.

கூட்டுக் கையெழுத்து சிபாரிசு இல்லை. நீங்கள் கட்டாவிட்டால் அவர் கடன்காரர், சட்டப்படி. அவர் வீடு வாங்க வங்கிக்குப் போனால் உங்கள் கடனும் அவர் கணக்கில் வந்து நிற்கும்.

மார்ச் 24

பலரும் கேட்பதால்: எம்.எஃப்.ஏ. இல்லாமல் கற்கலாமா? கற்கலாம், எந்திரம்தான் தேவை என்றால். நியூ மெக்ஸிகோவில் டாமரிண்ட் நிறுவனம் இருக்கிறது. 1960ல் ஜூன் வேய்ன் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது, 1970 முதல் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது. லித்தோ அச்சாளர்களைத் தயார் செய்வதில் அதற்கு நிகர் இல்லை. நியூயார்க்கில் ராபர்ட் பிளாக்பர்ன் தொடங்கிய பொதுப் பட்டறை இன்றும் நடக்கிறது. உறுப்பினர் கட்டணம் கட்டி எந்திரத்தைப் பயன்படுத்தும் பட்டறைகள் இப்போது பல நகரங்களில் உண்டு.

கல்லூரியில் சொல்லித்தரும் வேலைதான் குறி என்றால் பட்டம் வேண்டும். 1977ல் அமெரிக்கக் கலைக் கல்லூரிச் சங்கம் எம்.எஃப்.ஏ.வைத்தான் படைப்புக் கலையின் உச்சப் பட்டம் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு நிரந்தர ஆசிரியர் வேலைக்கு அது நுழைவுச் சீட்டு மாதிரி. நிரந்தர வேலைகள் எத்தனை என்பது அடுத்த கேள்வி. எனக்குத் தெரிந்த என் வகுப்பு எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் அது கிடைத்தது.

மார்ச் 29

முதல் வாரம் எழுதிய 43, 11 கணக்கைத் திரும்பப் படித்தேன். முழு உண்மை இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் எனக்குக் குழந்தை பிறந்தது. முதல் இரண்டு வருடம் என்ன வரைவது என்றே தெரியாமல் இருந்தேன், அதற்குக் கடனைக் குற்றம் சொல்ல முடியாது. 2016ல் ஒரு பல்கலைக்கழக அச்சுக்கூடத்தில் தொழில்நுட்பாளர் வேலை கிடைத்தது. அதன் பிறகு எந்திரம் பக்கத்திலேயே இருந்தும் பல மாலைகள் கூடுதல் வேலைக்கு ஓடினேன். அந்த ஓட்டம் மட்டும் கடனால்.

அந்தப் படிப்பே வீண் என்று நினைக்கவில்லை, இதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம் என் ஆசிரியை ஒரு பிரிண்ட் முன்னால் வந்து நின்றார். பத்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு இடது மூலையில் இருந்த ஓர் அடர்ந்த நிழலை விரலால் காட்டி, "இங்கே நீ பயந்துவிட்டாய்" என்றார். உண்மை. கோடு கெட்டுவிடுமோ என்று அந்த இடத்தை மூடி மறைத்திருந்தேன். இன்றும் கல்லில் கறுப்பு அடிக்கும்போது அந்த விரல் நினைவுக்கு வரும். அப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் எதிரில் இருப்பதற்காகப் படிக்கலாம். அப்படிப்பட்டவர்கள் பெயர் தெரியாத மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் இடத்திலேயே இருவர் இருக்கிறார்கள், தினமும் பார்க்கிறேன்.

ஏப்ரல் 2

கேள்வி கேட்ட தங்கை இரண்டு கடிதங்களையும் எனக்கு அனுப்பியிருந்தார். மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடிதத்திலும் கண்மூடிக் கையெழுத்துப் போட வேண்டாம். சம்பளம் ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டுக்கா என்று அதில் இல்லை. ஒன்பது என்றால் கோடையில் வாடகைக்கு என்ன வழி என்று இப்போதே கேளுங்கள். கட்டணத் தள்ளுபடி என்பதில் பட்டறைக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் சேருமா? தள்ளுபடி இரண்டு வருடத்துக்கும் எழுத்தில் உறுதியா, வருடா வருடம் புதுப்பிப்பதா? உதவியாளர் வேலை வாரம் 20 மணி நேரம் என்கிறார்கள். பருவ நாட்களில் எஃப்-1 மாணவர் வளாகத்துக்குள் பார்க்கக்கூடிய வேலையே 20 மணிதான், ஆகவே அந்தச் சம்பளத்துக்கு மேல் சம்பாதிக்க வழியில்லை என்று வைத்துத்தான் வரவுசெலவு போட வேண்டும். சம்பளத்துக்கு வரியும் உண்டு.

இறுதிக் கண்காட்சிச் செலவையும் கேளுங்கள். யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அங்கே அப்படியே பொருந்தும். என் ஆறு பிரிண்ட்களின் காகிதத்துக்கும் மைக்கும் ஆனதைவிட, சட்டகத்துக்கும் கண்ணாடிக்கும் நான்கு மடங்கு ஆயிற்று. அதையும் கடன் அட்டையில்தான் போட்டேன்.

தனியார் கல்லூரி ஒரு வாரத்தில் பதில் கேட்கிறது என்றீர்கள். பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கவுன்சில் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது: நிதி உதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்கக் கூடாது. பல பல்கலைக்கழகங்கள் அதில் கையொப்பமிட்டிருக்கின்றன. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மரியாதையாக அதைக் குறிப்பிட்டு அவகாசம் கேளுங்கள். உதவித்தொகையைக் கூட்ட முடியுமா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஏப்ரல் 9

தனியார் கல்லூரி வருடத்துக்கு 4,000 டாலர் கூட்டித் தருகிறதாம். 70,000 இப்போது 62,000. நான் 58,000த்தில் தொடங்கியவள்.

மாநிலப் பல்கலைக்கழகத்தின் பதிலும் வந்துவிட்டது. சம்பளம் ஒன்பது மாதத்துக்கு. கோடையில் அச்சுக்கூடத்தைச் சுத்தம் செய்து கற்களை ஒழுங்குபடுத்தும் வேலை ஒருவருக்கு உண்டு, வேண்டுமானால் தங்கைக்கே தருகிறார்களாம். தள்ளுபடி இரண்டு வருடத்துக்கும் எழுத்தில் இருக்கிறது. காப்பீட்டில் ஒரு பகுதி அவர் கட்ட வேண்டும். இன்னொரு கேள்வியும் கேட்கச் சொல்லியிருந்தேன்: பட்டம் வாங்கிய பிறகு அச்சுக்கூடத்தின் கதவு எத்தனை நாள் திறக்கும்? முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வருடம், வார இறுதிகளில் மட்டும், என்று பதில் வந்திருக்கிறது. அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

ஏப்ரல் 15

தங்கை மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் அப்பாவுக்கு இன்னும் வருத்தமாம், பெரிய பெயரை விட்டுவிட்டாளே என்று. அப்பாவிடம் நான் பேசுகிறேன், எண்ணைக் கொடுங்கள்.

ஏப்ரல் 16

என்னென்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்கிறீர்கள். தூரிகைகள், லித்தோ கிரேயான், ஒரு நல்ல மேலங்கி. காகிதம் வேண்டாம், அங்கே மாணவர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்குவார்கள், மலிவாக இருக்கும். மை உருட்டும் தோல் உருளையை மட்டும் இப்போது வாங்கிவிடாதீர்கள், விலை அதிகம், புதுத் தோல் மைக்குப் பழகவே வாரக்கணக்கில் ஆகும். போனதும் அச்சுக்கூடத்துத் தொழில்நுட்பாளரிடம், பழைய உருளை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அலமாரியில் ஒன்று இருக்கும். பல வருடம் மை குடித்த தோல், முதல் நாளே கையோடு பேசும்.